வரவேண்டிய டீ

வெங்கக்கல்புதூரின் தெருக்குழாயில் டீ வரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு. அதற்கு முந்தைய பதினோரு நாளும் அந்தக் குழாயில் எதுவுமே வரவில்லை என்பதால், வந்தது தண்ணீரா டீயா என்று யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, வந்ததே பெரிது என்று குடத்தை வைத்தார்கள், வரிசையில் முதலில் நின்ற அம்மாள் கையில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்று சொல்லிவிட்டு இரண்டாவது குடத்தை வைத்தாள்.

அது மயிலணிமுருகன் காஸ்டிங்ஸ் என்ற இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை ஊருக்கு உபயமாகப் போட்டுக்கொடுத்த குழாய். குழாய் அரையடி இருக்கும், உபயதாரர் பெயர் பொறித்த கல் ஐந்தடி இருக்கும். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே, சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்த சொர்ணவல்லி மட்டும் வரிசையில் இருந்த குடங்களை எண்ண ஆரம்பித்தாள். இன்றைக்கு மொத்தம் ஆயிரத்து இருநூறு டீ வரும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வராது என்பது அந்த ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஏனென்றால் அந்த டீயைக் கணக்கில் எழுதியவள் அவள்.

சொர்ணவல்லி அங்கே இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். ஊருக்கு அவள் கணக்கக்கா. தொழிற்சாலைக்கு மீட்டர் பார்க்க வருகிறவர், புகை பார்க்க வருகிறவர், எடைக்கல் பார்க்க வருகிறவர், எதையும் பார்க்காமல் இருப்பதற்கென்றே வருகிறவர் என்று மாதம் இரண்டு மூன்று பேர் வருவார்கள், ஆளுக்கொரு கவர் வாங்கிக்கொண்டு போவார்கள், அந்தக் கவரை என்னவென்று எழுதுவது என்று கேட்டபோது முதலாளி அர்த்தநாரி ஒரு நிமிடம் யோசித்து, "டீன்னு எழுது அம்மிணி, டீயை யாரு திரும்பிக் காட்டுன்னு கேக்கப் போறாங்க" என்றார். அன்று தொட்டு எல்லாம் டீதான். பன்னிரண்டாயிரம் கொடுத்தால் பன்னிரண்டாயிரத்துக்கு டீ. யாருக்கு எவ்வளவு என்று தனக்கு மறக்காமல் இருக்க, வவுச்சரின் ஓரத்தில் பென்சிலால் ஆள் பெயரைச் சின்னதாகக் குறித்து வைப்பாள். கவர் வாங்கிய அத்தனை பேரில் ஒருவருக்காவது முதலாளி உண்மையிலேயே ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பாரா என்றால், அந்தக் குற்றத்தை அவர் மேல் சொல்லவே முடியாது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கணக்கில்தான் முதலாளியின் மகன் பிரணவ் வந்து இறங்கினான். பெங்களூரில் எதையோ படித்துவிட்டு, படித்ததை எங்கேயாவது இறக்கி வைத்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தான். வந்த வாரமே செலவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மென்பொருளை வாங்கினான். ஏழு வருட வவுச்சர்களையும் சொர்ணவல்லி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அதற்குள் போட்டாள். அதுவே போதாதா என்றால் போதாதாம், அது வெறும் அலமாரியாம், அந்த அலமாரிக்கு மூளை வேண்டும் என்று ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொண்டுவந்து அதோடு இணைத்தான். இணைக்கும்போது திரை மூன்று அனுமதி கேட்டது. செலவுகளைப் படிக்கலாமா? சந்தேகம் இருந்தால் கேட்கலாமா? நிலுவையில் இருப்பவற்றை முடித்து வைக்கலாமா? உலகத்தில் எல்லோரும் செய்வதைப் போலவே அவனும் எதையும் படிக்காமல் மூன்றுக்கும் 'ஆம்' என்று தட்டிவிட்டு, "அவ்ளோதான்க்கா, சிம்பிள்" என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போனான்.

உதவியாளர் அன்று மாலையே வேலையை ஆரம்பித்துவிட்டது. அது பேசுகிற தமிழில் அப்படியொரு பணிவு. "வணக்கம் சொர்ணவல்லி அவர்களே. ஏழு ஆண்டுகளில் 212 பதிவுகள் 'டீ' என்று உள்ளன. ஒரு டீ பத்து ரூபாய் என்று கொண்டால், முதல் பதிவில் மட்டும் 1,200 டீ வருகிறது. அன்று தொழிற்சாலையில் 64 பேரே பணியில் இருந்துள்ளனர். இந்த டீ பெறப்பட்டதா?" கீழே மூன்று கட்டங்கள். 'பெறப்பட்டது' என்றால் கடை பில் கேட்கும். 'ரத்து' என்றால் பணம் எங்கே என்று கேட்கும். மூன்றாவது கட்டத்தில் 'வரவேண்டியது' என்று இருந்தது.

மயிலணிமுருகன் காஸ்டிங்ஸில் 'வரவேண்டியது' என்பது ஒரு புகலிடம். பதில் சொல்ல முடியாத எதையும் அங்கே தள்ளிவிடுவது வழக்கம். தீபாவளி போனஸில் பாக்கிப் பாதி வரவேண்டியது, முதலுதவிப் பெட்டிக்கு மருந்து வரவேண்டியது, பெண்கள் கழிப்பறைக்குக் கதவு எட்டு வருடமாக வரவேண்டியது. வரவேண்டியது என்று எழுதிவிட்டால் அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது இருபத்திரண்டு வருட அனுபவம். சொர்ணவல்லி ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் 212 டீக்கும் சேர்த்து 'வரவேண்டியது' என்று தட்டினாள். "நன்றி. பதிவு எண் வரிசைப்படி, நாளொன்றுக்கு ஒரு பதிவாக முடித்து வைக்கிறேன்" என்றது உதவியாளர். மறுநாள் காலை டீ வந்தது. கழிப்பறைக் கதவு மட்டும் வரவில்லை. அதற்குத்தான் யாரும் செலவே எழுதவில்லையே.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், குழாயடியில் டீக்கடை வைத்திருந்த ஆறுச்சாமி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார். ஐந்தாம் நாள் வடை மட்டும் போட ஆரம்பித்தார். பத்தாம் நாள் தன் கடைக்கு வந்தவர்களிடம், "போய் டீயைப் புடிச்சுட்டு வாங்க, சூடா வடை தர்றேன்" என்றார். வார்டு உறுப்பினர் தன்னுடைய இடைவிடாத முயற்சியால்தான் டீ வருகிறது என்று கைகூப்பியபடி பேனர் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையும் மாலையும் டீ குடித்துத் தூக்கமே இல்லாமல் படித்துத் தொலைத்ததில் தேர்ச்சி விகிதம் ஏறியது, அதற்குத் தலைமையாசிரியர் சால்வை வாங்கிக்கொண்டார். கோயில் கமிட்டி கூடி, பால் சாமிக்கு ஆகும், தண்ணீரும் ஆகும், இரண்டும் சேர்ந்தது ஆகுமா என்று மூன்று மணி நேரம் பேசி, உள்ளே இருக்கிற அம்மனுக்கு வேண்டாம், வெளியே காவலுக்கு நிற்கிற கருப்பராயனுக்கு வைக்கலாம், அவர்தான் சுருட்டே பிடிக்கிறாரே என்று முடிவு செய்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் பெண் வைத்திருந்தவர்கள் வெங்கக்கல்புதூர் மாப்பிள்ளைதான் வேண்டும் என்றார்கள். சர்க்கரை நோயாளிகள் மட்டும் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள்.

டீ எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆனால் கவர் வாங்க யார் யார் தொழிற்சாலைக்கு வந்து போகிறார்கள் என்பது ஊரறிந்தது, டீயை வைத்து ஆளைச் சொல்லும் ஒரு ருசி நூலே ஊரில் உண்டாகிவிட்டது. சின்ன ஆளுக்குக் கொடுத்த கவர் என்றால் டீ தண்ணியாக வரும். பெரிய ஆள் என்றால் ஏலக்காய் மணக்கும், பால் கெட்டியாக இருக்கும். ஆறுச்சாமி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இன்னைக்குப் பெரிய எடத்து டீயுங்க, குறைஞ்சது ஜீப்புல வர்ற ஆளு" என்பார், தப்பவே தப்பாது. ஆக, அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே இரண்டாவது டம்ளரைப் பிடித்தார்கள்.

உதவியாளரின் பணிவு அதோடு நிற்கவில்லை. பென்சில் குறிப்புகளை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பியது: "தங்கள் பெயரில் இன்று 800 டீ வழங்கப்பட்டது. டீ எப்படி இருந்தது? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" வாங்கியவர்கள் நடுங்கிப் போனார்கள். ஒருவர் விடுப்பில் போனார், ஒருவர் எண்ணை மாற்றினார், பெரும்பாலானவர்கள் எதற்கு வம்பு என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள்.

முதலாளிக்கோ தலைகால் புரியவில்லை. ஆடிட்டர் வந்தார், குழாயடிக்கு நடந்து போய் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு, "டீன்னு எழுதியிருக்கீங்க, டீ இருக்குது, இனி என்ன" என்று கையெழுத்துப் போட்டார். அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்றை சொர்ணவல்லிதான் கவனித்தாள். எந்த நாளின் டீயை ஊர் குடித்து முடிக்கிறதோ, அந்த வவுச்சரின் ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்து மறைந்து போனது, பின்னால் ஒரு டீக்கடை பில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது, திரையில் 'பெறப்பட்டது' என்று பச்சை விழுந்தது. ஒரு கவர் ஒழிந்து, உண்மையிலேயே டீயாகிவிட்டது. அதற்கப்புறம் அது லஞ்சம் என்று சாமியே வந்து சொன்னாலும் செல்லாது. இதைக் கண்ட நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஏனென்றால் 187ஆவது பதிவு என்னவென்று அவளுக்குத் தெரியும்.

அது செங்கோடனுக்கான டீ. மூன்று வருடத்துக்கு முன்னால், வார்ப்புப் பெட்டியைத் தூக்கிய செயின் அறுந்து விழுந்ததில் செத்துப்போனவன் செங்கோடன். பார்க்க வந்த அதிகாரி, 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஒரு கவரை வாங்கிக்கொண்டு போனார். அறுபதாயிரம், கணக்குப்படி ஆறாயிரம் டீ. செங்கோடன் மனைவி பாவாயிக்கு முதலாளி பெருந்தன்மையாகக் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்தார். அவள் மூன்று வருடமாக மாதம் ஒரு நாள் சம்பளம் இல்லா விடுப்புப் போட்டுக் கோயம்புத்தூருக்குப் போய், கேஸ் நடக்கிற இடத்தில் யார் கண்ணில் பட்டாலும் ஒன்றையே கேட்பாள்: "பணம் குடுக்கறது அப்பறம் இருக்கட்டுங்க. அந்த ஒரு வரிய அடிச்சுக் குடுங்க. கூரைல ஏறுனா மூணு தடவ ஏணிய ஆட்டிப் பாக்கற மனுசனுங்க அவரு." ஆதாரம் கொண்டு வா என்பார்கள். அந்த வரி காசுக்கு எழுதப்பட்டது என்பதற்கு ஆதாரம் என்று உலகத்தில் இருந்தது அந்த வவுச்சரின் ஓரத்துப் பென்சில் குறிப்பு ஒன்றுதான். 187ஆம் நாள் அதையும் ஊர் கூடிக் குடித்துவிடப் போகிறது. பாவாயியும் தினமும் ஒரு தூக்குப்போசியோடு அந்த வரிசையில்தான் நிற்கிறாள்.

சொர்ணவல்லிக்கு வாயைத் திறந்தால் வேலை போகும். அவள் மகளின் நர்சிங் படிப்புக் கடனுக்கு முதலாளிதான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேல், டீ என்று எழுதிய கை அவளுடையது. 186ஆம் நாள் அவள் தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

"ஐயா, நாளைக்கு வர்றது செங்கோடனுதுங்க."

"தெரியும்."

"அதை மட்டும் நிறுத்தி வெச்சுக்கலாங்களா?"

அர்த்தநாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மிணி, நாளைக்கு ஒரு பொழுது போச்சுன்னா எல்லாம் சுத்தமாயிரும். எனக்கு மட்டுமா? உனக்குந்தான். எழுதுனது ஆரு?" பிறகு குரலைத் தணித்து, "பாப்பாவுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருசம் இருக்குதுல்ல?" என்று அக்கறையாக விசாரித்தார். அந்த அக்கறையைக் கேட்டு அவளுக்குப் பற்றி எரிந்தது.

நாளைக்கு ஆறாயிரம் என்று உதவியாளர் முந்தின நாளே ஊருக்கு அறிவித்துவிட்டது. அவ்வளவு பெரிய டீ இதுவரை வந்ததே இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டரில் டிரம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், காசில்லாத டீ கிடைக்கிறதே என்று இரண்டு வீட்டில் நிச்சயதார்த்தத்தையே அந்த நாளுக்கு மாற்றி வைத்தார்கள், ஆறுச்சாமி எட்டுக் கிலோ பருப்பு ஊறப் போட்டார். காலை ஆறு மணிக்கு சொர்ணவல்லி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனபோது, பாவாயி ஆபீஸ் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தூக்குப்போசி கதவோரம் தயாராக இருந்தது.

"பாவாயி, இன்னைக்கு அந்த டீயக் குடிக்காத."

"ஏனுங்க்கா, டாங்க்ல பல்லி கில்லி உழுந்துருச்சுங்களா?"

"அது உன்ற ஊட்டுக்காரனுக்குன்னு எழுதுன டீ."

பாவாயிக்குச் சிரிப்பு வந்தது. "அவருக்கு டீயே ஆகாதுங்களே. நீராகாரந்தான் குடிப்பாரு."

சொர்ணவல்லி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து, நின்ற வாக்கிலேயே கொட்டினாள். "செயின் தேஞ்சு போச்சு, மாத்தோணும்னு செங்கோடன் மூணு தடவ எழுதிக் குடுத்தான். மொதலாளி அப்பறம் பாக்கலாம்னாரு. மூணையும் நான் டிராயர்ல போட்டுட்டேன். அவன் செத்தப்பறம் பாக்க வந்தவருக்கு அறுபதாயிரம் குடுத்துத்தான் அந்த வரிய எழுத வெச்சாங்க. அதையும் டீன்னு எழுதுனது நாந்தான்."

பாவாயி அழவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசையையும் அதன் டிராயரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தக் காயிதமெல்லாம் இன்னும் இதுக்குள்ளயா இருக்குது?"

"இருக்குது."

"மூணு வருசமா இந்த மேசையத்தானுங்க நான் தொடச்சுட்டு இருக்கேன்" என்றாள் பாவாயி.

சொர்ணவல்லி சாவியை எடுத்தாள். டிராயரைத் திறந்து, அடியிலிருந்து மூன்று கடிதங்களையும் எடுத்து மேசை மேல் வைத்தாள். கோணல் கோணலாக, அழுத்தி எழுதிய எழுத்து. பாவாயி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனி என்ன பண்ணோணுமோ அதப் பண்ணுங்க்கா" என்றாள். மணி ஆறு இருபது.

சொர்ணவல்லி கம்ப்யூட்டரைத் திறந்தாள். "வணக்கம். இன்றைய பதிவு: 6,000 டீ. இன்னும் பத்து நிமிடத்தில் வழங்கப்படும்" என்றது உதவியாளர்.

'இது டீ இல்லை' என்று அடித்தாள்.

"தெரிவித்தமைக்கு நன்றி. அப்படியானால் இந்தச் செலவு எதற்காகச் செய்யப்பட்டது?"

இத்தனை வருடத்தில் அவளிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை; முதலாளி கேட்கவில்லை, ஆடிட்டர் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொள்ளவில்லை. அறுந்த செயினை மறைத்து, பழியைச் செத்தவன் மேல் போடுவதற்காக, என்று அடித்தாள். ஆதாரம் கேட்டது, கடிதங்களைப் படம் பிடித்துப் போட்டாள். கொடுக்கச் சொன்னவர் பெயர் கேட்டது, போட்டாள். வாங்கியவர் பெயர் கேட்டது, போட்டாள். பொய்யாக எழுதியவர் பெயர் கேட்டது. மகளின் முகம் வந்து போனது, பிறகு தன் பெயரை இனிஷியலோடு முழுதாக அடித்தாள்.

"நன்றி. மிகத் தெளிவாக உள்ளது. இதே போன்ற மேலும் 211 பதிவுகள் உள்ளன. அவற்றையும் இவ்வாறே திருத்தட்டுமா?"

ஜன்னலுக்கு வெளியே டம்ளரும் குடமும் டிரம்முமாக ஊர் நின்றுகொண்டிருந்தது. 'இல்லை' என்று தட்டினால் செங்கோடனுடையது ஒன்று மட்டும் தனியாகப் போகும். நாளைக்கும் டீ வரும், நாளை மறுநாளும் வரும், ஊர் அவளைத் திட்டாது. ஆனால் நூற்று எண்பத்தாறு பொய் டீயாகவே நின்றுவிடும், பார்க்காமல் இருப்பதற்கென்றே வந்த அத்தனை பேரும் இன்னொரு செயினைப் பார்க்காமல் இருக்கப் போவார்கள். சொர்ணவல்லி 'ஆம்' என்று தட்டினாள்.

பிரிண்டர் தானாகவே ஓட ஆரம்பித்தது. மறைந்து போன பென்சில் எழுத்தெல்லாம் ஒவ்வொரு தாளிலும் நல்ல கருப்பு மையில், ஊர் பேர் பதவியோடு வந்து விழுந்தது. வெளியே ஆறரைக்குக் குழாய் இரண்டு முறை காற்றை விட்டது, அப்புறம் தண்ணீர் வந்தது. சுத்தமான, பச்சைத் தண்ணீர். முதலில் நின்றவர் கையில் பிடித்துக் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

ஆறு மாதமாக டீயை யார் அனுப்புகிறார்கள் என்று கேட்காத ஊர், நின்ற ஐந்தாவது நிமிடம் யார் நிறுத்தியது என்று கேட்டுக்கொண்டு கேட்டை உலுக்கியது. சொர்ணவல்லி வெளியே வந்து, "நாந்தானுங்க" என்றாள். பக்கத்தில் பாவாயி கடிதங்களையும் தாள்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சொர்ணவல்லி ஒன்று விடாமல் சொன்னாள்: செயின், கடிதம், கவர், கவனக்குறைவு என்ற ஒரு வரி, இத்தனை நாள் அவர்கள் குடித்தது என்ன என்பது. செங்கோடனோடு வேலை பார்த்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நிச்சயதார்த்த வீட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொல்லி முடித்ததும் ஆறுச்சாமிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லோருக்கும் சேர்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் செரிங்க்கா. நாளைக்காச்சும் வருமுங்களா?"

"வராது" என்றாள் பாவாயி. சொல்லிவிட்டுத் தாள்களை முந்தானையில் பொதிந்துகொண்டு கோயம்புத்தூர் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். கணக்கக்காவும் கூடவே போனாள்.